குலுக்கினால் எரியும் விளக்கு

சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டிய தலைமுறைக்கு பேட்டரி இல்லாத டார்ச் லைட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. டயரோடு உரசிக்கொண்டு சுழலும் அந்தச் சின்னக் குப்பி, மிதிக்க மிதிக்க முன்விளக்கை எரியவிடும். ஏற்றத்தில் கால் தளர்ந்தால் வெளிச்சம் மங்கும். இறங்கி நின்றால் அணைந்துபோகும். இன்று விற்கும் பேட்டரி இல்லாத டார்ச்சுகளின் நிறையும் குறையும் அந்த டைனமோவிலேயே இருந்தவைதான்.

கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் அந்தக் கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்தது இது. குலுக்கும் டார்ச்சில் இதை அப்படியே பார்க்கலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், அதன் நடுவில் செம்புக் கம்பிச்சுருள், உள்ளே முன்னும் பின்னும் ஓடும் உருளைக் காந்தம். இரு முனைகளிலும் காந்தம் மோதி உடையாமலிருக்க ரப்பர் இருக்கும். பிறக்கும் மின்சாரம் ஒரு மின்தேக்கியில் சேர்ந்து, அங்கிருந்து எல்.இ.டி.க்குப் போகிறது. பழைய குமிழ் பல்பாக இருந்தால் இந்தச் சொற்ப மின்சாரம் சில நொடிகளிலேயே தீர்ந்திருக்கும். வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகே இப்படி ஒரு விளக்கு பயனுள்ளதாயிற்று. அதற்கு வழிவகுத்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிராம் காந்தம் 10 சென்டிமீட்டர் விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 0.05 ஜூல். சுவர்க்கடிகாரத்தில் போடும் ஒரு நல்ல அல்கலைன் பென்சில் செல்லில் இருப்பது சுமார் 10,000 ஜூல். ஒரு துளியும் வீணாகாமல் மின்சாரமானாலும், அந்த ஒரு செல்லுக்கு ஈடுகட்ட காந்தம் 2 லட்சம் முறை விழ வேண்டும். வேகமாகக் குலுக்கினால் எண்ணிக்கை குறையும். ஆனால் கைதான் வலிக்கும். அரை நிமிடம் குலுக்கினால் சிறிய எல்.இ.டி. ஒன்று சில நிமிடங்கள் எரியும். சாவித்துவாரம் தேட, மாடிப்படி இறங்க, மெழுகுவத்தியைக் கண்டுபிடிக்க அது போதும். இரவில் வயல் வரப்பில் நடக்கப் போதவே போதாது. பாம்பு நடமாடும் இடத்தில் இதை நம்பிக் கால் வைக்காதீர்கள்.

குலுக்குவதைவிட அமுக்குவது பழைய வழி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியிலிருந்த நெதர்லாந்தில் பேட்டரிக்குத் தட்டுப்பாடு. தெருக்களிலும் விளக்கெரிக்கத் தடை. அப்போது பிலிப்ஸ் நிறுவனத்தின் கை டைனமோ விளக்கு மக்களுக்குப் பெரிய துணையாக இருந்தது. பிடியை அமுக்க அமுக்க உள்ளே பற்சக்கரங்கள் சுழன்று 'உர்ர்' என்று ஒலி எழும். டச்சு மக்கள் அதற்கு வைத்த பெயர் 'க்னைப்காட்'. அமுக்குப் பூனை என்று சொல்லலாம். இந்த விளக்குகளை வுக்ட் வதைமுகாமில் இருந்த கைதிகளும் செய்தார்கள். அந்தக் கைகளையும் நினைக்காமல் இந்தக் கருவியின் வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கைப்பிடியைச் சுற்றும் வகைதான் மூன்றிலும் அதிக வெளிச்சம் தருவது. ஆனால் கவனம் தேவைப்படுவதும் அதற்குத்தான். பெரும்பாலானவற்றின் உள்ளே சார்ஜ் ஏற்றும் பேட்டரி ஒன்று ஒளிந்திருக்கும். அட்டைப்பெட்டியில் 'பேட்டரி தேவையில்லை' என்றிருந்தால், கடையில் போய் பேட்டரி வாங்க வேண்டியதில்லை என்று மட்டுமே பொருள். வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அந்தப் பேட்டரி செத்துவிடும். அதன்பின் எவ்வளவு சுற்றினாலும் தேக்கி வைக்க இடமிருக்காது.

குலுக்கும் வகையிலோ நேரடி மோசடியே உண்டு. காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புத் துண்டை வைத்து, பொத்தான் போன்ற செல்களை உள்ளே மறைத்து விற்கிறார்கள். அந்தச் செல் தீர்ந்த அன்று டார்ச்சும் குப்பைக்குப் போகும். பெட்டியைப் பிரித்தவுடன் குலுக்காமலே பளிச்சென்று எரிந்தால் சந்தேகப்படுங்கள்.

உள்ளங்கைச் சூட்டிலேயே எரியும் டார்ச்சும் ஒன்று உண்டு. கனடாவைச் சேர்ந்த ஆன் மகோசின்ஸ்கி பள்ளி மாணவியாக இருந்தபோது அதை உருவாக்கி, 2013-ல் கூகுள் அறிவியல் போட்டியில் பரிசு பெற்றார். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக இருந்தால் மின்சாரம் தரும் பெல்டியர் தகடுகள் அதில் இருக்கின்றன. அருமையான யோசனை. ஆனால் கைச்சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத நம் ஊர்க் கோடை இரவில் அதற்கு வேலை குறைவு.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் நல்ல குலுக்கு டார்ச் ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்பேன். புயல் இரவில் அலமாரியிலிருந்து சாதாரண டார்ச்சை எடுத்தால் செல் கசிந்து, வெள்ளைத் தூள் பூத்து, ஸ்பிரிங் அரித்துப்போயிருப்பதை எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். குலுக்கு டார்ச்சில் கசிவதற்கு எதுவுமில்லை. எத்தனை வருடம் கிடந்தாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். நல்ல செல் டார்ச்சுக்குத் துணையாக வையுங்கள். அதற்குப் பதிலாக வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதை மார்புக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது; உள்ளே இருப்பது வலுவான காந்தம்.

வாங்கப் போகும்போது ஒரு குண்டூசியை எடுத்துச் செல்லுங்கள். குழாயின் மேல் வைத்தால் அது ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வாங்காதீர்கள்.