நண்பர்கள் கூடினால் பந்தயக் கார்!

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் புதிதல்ல. கொடி அசைந்ததும் வண்டிகள் சீறிப் பாயும். எல்லை வரை போய்த் திரும்பி வரும். ஆனால், திரும்பவே தேவையில்லாத ஒரு பந்தயமும் உண்டு. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேர்கோட்டில் ஒரே பாய்ச்சல்! அதற்குப் பெயர் 'டிராக் ரேஸ்'.

இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எதிரே ஒரு விளக்குக் கம்பம். மஞ்சள் விளக்குகள் எரிந்து, பச்சை வந்ததும் பாய வேண்டும். வழக்கமான தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். மிகப் பெரிய டிராக் கார்கள் ஓடும் தூரத்தை, பாதுகாப்புக்காக 2008-ல் 305 மீட்டராகக் குறைத்தார்கள். அந்தத் தூரத்தை அவை நான்கு விநாடிக்குள் கடந்துவிடும். அப்போது வேகம் மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல்! நிறுத்துவதற்குப் பின்னால் பாராசூட் விரியும்.

வலு மட்டும் போதுமா?

மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் டிராக்டர் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரம் வேகமாகச் சுழலும்; வண்டி நகராது. இன்ஜினில் வலு இருக்கிறது, தரையில் பிடிப்பு இல்லை. டிராக் காருக்கும் இதே சிக்கல்தான். அதனால்தான் அதன் பின் சக்கரங்கள் பெரிதாகவும் அகலமாகவும் இருக்கும். முன் சக்கரங்கள் ஒல்லியாக இருக்கும். கார் பாயும்போது எடை பின்பக்கம் சாய்ந்து, பின் சக்கரங்களைத் தரையோடு அழுத்தும்.

இன்னொரு ரகசியம், எடை. அதே இன்ஜின், எடை குறைந்த வண்டியை விரைவாக வேகமெடுக்க வைக்கும். புத்தகப் பையோடு ஓடுவதற்கும் கைவீசி ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்!

விமானம் போனது, கார் வந்தது

இப்படிப்பட்ட கார்களை எங்கே ஓட்டுவது? தெருவில் ஓட்டினால் ஆபத்து. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் சாலைகளில் பந்தயம் விட்டது பெரிய தலைவலியாக இருந்தது. 1950-ல் சான்டா அனா விமான நிலையத்தின் ஓடுபாதையில் முறையான டிராக் பந்தயம் தொடங்கியது. ஓடுபாதை நேராக, சமமாக இருக்கும். குறுக்கே ஆளும் மாடும் வராது அல்லவா?

நம் தமிழ்நாட்டிலும் இதேபோல ஒரு கதை நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் வந்தது. அங்கே மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயமும் நடந்திருக்கிறது. நம் கோவில்பட்டி அருகே தோட்டிலோவன்பட்டியில்கூடப் பழைய விமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது, தெரியுமா?

சோழவரத்துக்கு வசதி படைத்தவர்கள் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஃபியட், ஹெரால்டு போன்ற சாதாரணக் கார்களைப் பிரித்துப் போட்டு, தேவையில்லாததைக் கழற்றி, இன்ஜினைச் சீர்செய்து ஓட்டினார்கள்.

மில் வீட்டுப் பிள்ளை

கோவில்பட்டியில் லட்சுமி மில்லைத் தெரியாதவர்கள் உண்டா? அந்த மில்லின் தாய்வீடு கோயம்புத்தூர். அதை 1910-ல் நிறுவியவர் குப்புசாமி நாயுடு. அந்தக் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர் கரிவர்தன். நண்பர்களுக்கு 'கரி'. நூலைவிட அவரை இழுத்தது இன்ஜின்தான்!

கரி சோழவரத்தில் கார் ஓட்டினார். அதோடு நிற்கவில்லை. 'பணக்காரர்களால் மட்டும்தான் பந்தயம் ஓட்ட முடியும் என்றால், திறமையுள்ள மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?' என்பது பெரிய கேள்வி. அதற்கு அவர் கோவைப் பட்டறையில் விடை தேடினார்.

அப்போது ஊரெங்கும் ஓடியது மாருதி 800. அதன் இன்ஜின் சிறியது, 796 சி.சி., மூன்று சிலிண்டர். பழுது பார்க்க எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார், உதிரிப் பாகமும் கிடைக்கும். கரி அந்த இன்ஜினையும் கியர் பெட்டியையும் எடுத்தார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்தார். கதவு இல்லை, கூரை இல்லை, ஒரே ஒரு இருக்கை! இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். இப்படி 1988-ல் பிறந்ததுதான் 'ஃபார்முலா மாருதி'. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால், ஓட்டுபவரின் திறமைதான் வெற்றியைத் தீர்மானித்தது.

இப்படி ஒரு காரை ஒருவர் மட்டும் செய்ய முடியுமா? வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். லேத்துப் பட்டறைக்காரர் வேண்டும். பெயின்ட் அடிக்க, வயர் இழுக்க, நேரம் குறிக்க ஆள் வேண்டும். பழைய காரைப் புதுப்பிக்கவும் இப்படித்தான். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் டப்பாவில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்ட ஒரு பொறுமைசாலி வேண்டும். அவர் இல்லாவிட்டால், பிரித்தது பிரித்தபடியே கிடக்கும்!

1995-ல் சிறு விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். வயது 40தான். ஆனால் அவர் செய்த கார்கள் நிற்கவில்லை. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிப் பழகியது ஃபார்முலா மாருதி காரைத்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்! கோவை செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளத்துக்குக் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

முன்னால் இருந்ததைப் பின்னால் வைத்தார்

இன்ஜினைப் பின்னால் வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஒருவர் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1932-ல் பிறந்தவர் டான் கார்லிட்ஸ். தன் டிராக் கார்களுக்கு 'சதுப்பு நில எலி' என்று பெயர் வைத்தவர்! 1964-ல் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். அந்தக் காலத்து டிராக் கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கும். ஓட்டுநர் கடைசியில் உட்காருவார். கியர் பகுதி அவர் கால்களுக்கு நடுவில் இருக்கும்.

1970 மார்ச் மாதம், புறப்பட்ட நொடியில் அந்தப் பகுதி வெடித்தது. கார் இரண்டு துண்டானது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

மருத்துவமனையில் படுத்திருந்தபோதே அவர் யோசித்தார். 'இன்ஜினைப் பின்னால் தள்ளினால், வெடித்தாலும் ஓட்டுநருக்கு ஆபத்து குறையும்.' வட்டப் பாதையில் ஓடும் பந்தயக் கார்களில் இது முன்பே வந்துவிட்டது. ஆனால் டிராக் காரில் அது சரிப்படாது என்றே பலரும் நினைத்தார்கள். கார்லிட்ஸுக்கு நண்பர்கள் ஸ்விங்கிளும் லெமன்ஸும் துணை நின்றார்கள். புதிய கார் தயாரானது. ஆனால் வேகம் எடுத்தால் நேராகப் போகாமல் அலைந்தது! சோதித்துச் சோதித்துப் பார்த்ததில், ஸ்டீயரிங் சற்றுத் திருப்பினாலே சக்கரம் அதிகம் திரும்புவது தெரிந்தது. அதை மாற்றியதும் கார் அடங்கியது. 1971-ல் கலிபோர்னியாவின் பொமோனாவில் அந்தக் கார் வென்றது. சில ஆண்டுகளிலேயே பெரிய டிராக் கார்கள் எல்லாம் அந்த வடிவத்துக்கு மாறின. அதனால் எத்தனையோ ஓட்டுநர்களின் உயிரும் கை கால்களும் தப்பின.

பிள்ளைகளே, பொதுச் சாலையில் பந்தயம் விடுவது சட்டப்படி குற்றம். பந்தயம் என்றால் ஓடுதளம், தலைக்கவசம், பக்கத்தில் மருத்துவ வண்டி எல்லாம் வேண்டும். இதை உங்கள் அண்ணன்மாருக்கும் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: தீப்பெட்டி டிராக் கார்

தீப்பெட்டிக்குப் பெயர்போன ஊர் நம்முடையது. நாமும் ஒரு கார் கட்டலாமா?

ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த அட்டை வெட்டுங்கள். அடியில் முன்னும் பின்னும் காலி ரீஃபில் துண்டுகளை ஒட்டுங்கள். பின்பக்கம் மட்டும் இரண்டு துண்டுகளாக, நடுவில் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். அவற்றுக்குள் தளர்வாகச் சுழலும்படி மெல்லிய கம்பியை நுழைத்து, இருபுறமும் சோடா மூடிகளைச் சக்கரமாக மாட்டுங்கள். சக்கரம் கம்பியோடு இறுகியிருக்க வேண்டும். மூடியில் துளை போடப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். ஒரு ரப்பர் பேண்டின் ஒரு முனையை அட்டையின் முன்பக்கம் கட்டுங்கள். மறுமுனையைப் பின் கம்பியின் நடுவில் ஒட்டிய சிறு குச்சியில் மாட்டி, சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி முறுக்குங்கள். அட்டை மேல் காலித் தீப்பெட்டியை இன்ஜினாக ஒட்டுங்கள். கீழே வைத்து விடுங்கள், பாயும்!

பின் சக்கரம் வழுக்குகிறதா? பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டிப் பாருங்கள். தீப்பெட்டியில் கூழாங்கல் போட்டு ஓட்டிப் பாருங்கள். எப்போது வேகம், எப்போது மந்தம் என்று நோட்டில் குறியுங்கள்.

ஒரு நிபந்தனை: தனியாகச் செய்யக் கூடாது! ஒருவர் வெட்டட்டும், ஒருவர் ஒட்டட்டும், ஒருவர் சாக்பீஸால் கோடு போடட்டும், ஒருவர் நேரம் பார்க்கட்டும். கார் ஓடினால் நால்வருக்கும் கடலை மிட்டாய். ஓடாவிட்டால், நால்வரும் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடியுங்கள்!