பிரேக் மிதித்தால் பெடல் துடிக்கிறதா?

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பொன்முடி. மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறை நாட்களில் காரில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் பல. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போருக்கும் அது பழகிய சவாரிதான்.

இப்படிப்பட்ட பாதையில் பிரேக் மிதிக்கும்போது பெடல் 'தக் தக்' என்று காலைத் திருப்பித் தள்ளினால் யாருக்கும் பயம் வரும். உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் "பிரேக் சரியில்லை" என்கிறார்கள். புதிய பேட் போடப்படுகிறது. சில நாட்களில் துடிப்பு மீண்டும் வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கும் டாக்சிக்காரருக்கும் இது வீண் செலவு. பெரும்பாலும் நோய் பேட்டில் இல்லை. அது பிடிக்கும் டிஸ்க்கில் இருக்கிறது.

மயிரிழைக்கும் குறைவு

சக்கரத்துடன் சுற்றும் டிஸ்க்கை இரு பேட்கள் இருபுறமும் இறுக்கிப் பிடிக்கின்றன. டிஸ்க் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் தடித்திருந்தால், அந்த இடம் வரும்போதெல்லாம் பேட்டைத் தள்ளும். அந்தத் தள்ளல் பிரேக் ஆயில் வழியாகப் பெடலுக்கு வந்து சேரும்.

0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும். தலைமுடியின் கனத்தைவிட இது குறைவு. கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பது வழக்கமான பேச்சு. உண்மையில் அது சீரற்றுத் தேய்ந்திருக்கும். அல்லது பேட்டின் பொருள் ஓரிடத்தில் அப்பிக்கொண்டிருக்கும்.

காரணங்கள் என்ன?

பஞ்சர் ஒட்டி டயரை மாட்டும்போது நட்டுகளைத் தாறுமாறாக முறுக்குவது முதல் காரணம். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையே துரு சேர்ந்தாலும் டிஸ்க் நேராக உட்காராது. இப்படி ஆட்டம் கண்ட டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டில் உரசி, ஒரு பக்கம் மட்டும் தேயும். டயர் கழற்றிப் பல மாதம் கழித்துத் துடிப்பு தொடங்குவது இதனால்தான்.

கேரளத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையும் உண்டு. தீபாவளிக்கு ரயிலில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வரை கார் மழையில் நின்றால், பேட் ஒட்டியிருந்த இடத்தில் துருத் தடம் விழும். மலை இறங்கியதும், சூடான பிரேக்கை அழுத்தியபடியே வண்டியை நிறுத்தி வைத்தாலும் பேட்டின் அச்சு டிஸ்க்கில் பதியும்.

ஓட்டுபவரே கண்டறியலாம்

ஆள் நடமாட்டமில்லாத, நேரான, சமதளச் சாலையில் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. பிரேக் மிதிக்காதபோதும் அதிர்கிறதா? அப்படியானால் வீல் பாலன்ஸ், டயர், பேரிங் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

2. வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவாகிறதா? அப்படியானால் கோளாறு சக்கரத்துடன் சுற்றும் டிஸ்க்கிலோ டிரம்மிலோ இருக்கிறது.

3. ஸ்டீயரிங்கும் ஆடுகிறதா? முன் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். இருக்கை மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரம்.

4. மெதுவாகப் போகும்போது, கைப்பிடி பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் அதே அதிர்வு வருகிறதா? பல கார்களில் அது பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். எனவே பின் டிரம் வட்டம் தப்பியிருக்கலாம். ஈரச் சாலையில் இதைச் செய்யக்கூடாது. பொத்தானைத் தட்டினாலே வேலை செய்யும் மின்சாரக் கைபிரேக் உள்ள காரிலும் கூடாது.

எல்லாத் துடிப்பும் கோளாறல்ல

ஏ.பி.எஸ். உள்ள காரில், மணலிலோ மழைச் சாலையிலோ திடீரென அழுத்தி மிதித்தால் பெடல் படபடவென அடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது. அப்போது காலை எடுக்காமல் அழுத்தியே பிடிக்க வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய கார்களுக்கு இது கட்டாயம். ஆனால் உலர்ந்த சாலையில் மெதுவாக மிதித்து நிற்கப் போகும் நேரத்தில் இப்படி அடித்தால், சக்கர சென்சாரில் அழுக்கோ துருவோ இருக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது

"டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தைப் பாருங்கள், மைக்ரோமீட்டரால் ஏழெட்டு இடத்தில் கனத்தை அளந்து சொல்லுங்கள்" என்று கேட்கலாம். ஹப்பின் துருவைச் சுரண்டி, டிஸ்க்கைத் துளை மாற்றிப் பூட்டினாலே சில வண்டிகளில் ஆட்டம் போய்விடும். லேத்தில் கடைந்தும் சரிசெய்யலாம். ஆனால் டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகக்கூடாது. மாற்றுவதானால் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, டார்க் ஸ்பேனரால் சொன்ன அளவுக்கே முறுக்கச் சொல்ல வேண்டும்.

பெடல் உள்ளே அமுங்கிப் போனாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே நல்லது.

மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் வருவதும், பிரேக்கை விட்டுவிட்டு மிதிப்பதும் டிஸ்க்கைச் சூடேறாமல் காக்கும். பஞ்சர் கடையில் நட்டு முறுக்கும் ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தால், பின்னால் வரும் பெரிய செலவு மிச்சம்.