மலைவீதிச் சக்கரங்கள் – 11: துருவின் மேல் ஒட்டிய தகடு

கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பது ஏன் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய இரும்புக் குழாய், வேனின் முன்புறத்திலிருந்து பின் அச்சு வரை அடித்தளத்தை ஒட்டிக் கிளிப்புகளில் பிடித்தபடி ஓடுகிறது. கிளிப்பைத் தாங்கும் தகடு துருப்பிடித்து உதிர்ந்தால் குழாய் ஆடத் தொடங்கும். ஆடும் குழாய் எங்காவது உரசும். உரசிய இடத்தில் மேல்பூச்சு போய் அங்கும் துரு ஏறும். வேனுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. கண்டியில் இன்றும் ஓடும் டொல்பின், அதற்கு முந்திய ஷெல், கெரவன், லைட்ஏஸ், வெனட் போன்ற பழைய வேன்களுக்கு என்ஜின் மாற்றியிருப்பார்கள், சீட்டுக்கு உறை மாற்றியிருப்பார்கள், இரண்டு மூன்று தடவை பெயின்டும் அடித்திருப்பார்கள். அடித்தளம் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கிடக்கும். அல்லது துருவின் மேல் தகடு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். இவ்விரண்டில் ஒட்டுப்போட்டதே அதிக ஆபத்தானது என்பது என் வாதம். வெளியே தெரியும் துரு பார்ப்பவரை எச்சரிக்கிறது. தகடு போட்டு மூடிய துரு அந்த எச்சரிக்கையையும் பறித்துவிடுகிறது.

இவ்வளவு பழைய வண்டிகளை ஏன் இன்னும் ஓட்ட வேண்டும் என்று கேட்பது எளிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில், 2022இல், 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் 360 ரூபாய் வரை ஏறியது. அதன் மேல் வரியும் சேர்ந்தால், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் பிழைக்கும் ஒருவருக்குப் புதிய வேன் கைக்கெட்டாத பொருள். நாம் டொல்பின் என்று அழைக்கும் டொயோட்டா ஹைஏஸ் 1989இல் வெளிவந்தது. ஜப்பானில் அதன் உற்பத்தி 2004இல் நின்றது. ஆகவே மிக இளைய டொல்பினுக்கே இருபது வயது கடந்துவிட்டது. ஓட வேண்டிய கட்டாயம் இருக்கிறது. நல்ல முறையில் ஓடட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

லொறியின் கட்டமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு வேனைப் பார்ப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. லொறிக்குத் தனியாக ஒரு கனமான சேசி உண்டு. மேலே இருக்கும் பெட்டி துருப்பிடித்தாலும் கீழே உள்ள இரும்பு பாரத்தைத் தாங்கும். இந்த வேன்களில் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. தரைத்தகடு, அதன் அடியில் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓடும் பெட்டி வடிவப் பட்டைகள், கதவுக்குக் கீழே ஓடும் ஓரப்பெட்டி, பக்கச் சுவர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கான புள்ளி வெல்டுகளால் ஒன்றாகப் பிணைந்து ஒரே உடலாக நிற்கின்றன. தரைத்தகட்டின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். வலிமை தடிப்பில் இல்லை, மடிப்பில் இருக்கிறது. பெட்டியின் நான்கு பக்கங்களில் ஒன்று துருவில் போனால், மீதி மூன்றும் முக்கால் பாரத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட முடியாது. வளைவையும் முறுக்கையும் எதிர்க்கும் பலம் அதைவிட வேகமாகச் சரிந்துவிடும். டொல்பினின் முன் சக்கரங்களைத் தாங்குவது முறுக்குத் தண்டு. அதன் மறுமுனை அடித்தளத்தில் ஒரு குறுக்குப் பட்டையில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. பின்புற ஸ்பிரிங் தட்டுகள் தொங்குவதும் அதே அடித்தளத்தில். மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளில் ஆட்களோடு இறங்கும் வேன், ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பூட்டுமிடங்களை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் அழுத்துகிறது. சமவெளி வீதியில் பல ஆண்டு தாங்கக்கூடிய பலவீனம் மலைவீதியில் தாங்காது.

கண்டியில் கடல் இல்லையே, உப்புக்காற்று இல்லையே, இங்கே துருவுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பவர்கள் உண்டு. கடற்கரை ஊர்களில் துரு வேகமாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஒட்சிசனும் போதும். உப்பு அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது, அவ்வளவுதான். காற்றின் ஈரப்பதன் அறுபது வீதத்தைத் தாண்டினாலே அரிப்பு குறிப்பிடத்தக்க வேகம் பிடிக்கும். கண்டியில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட அதிகம். ஆண்டு மழை 2,000 மில்லிமீற்றரை ஒட்டியது. இங்கே துருவை வளர்ப்பது பெட்டிப் பட்டைக்குள் புகுந்து காயாமல் கிடக்கும் சேறு. ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். சேறு அடைத்ததும் அவை பயனற்றுப் போகின்றன; வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். பிங்கா ஓயா பெருகும்போது அக்குறணை நகரம் நீரில் நிற்பது புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மகாவலி கரைமீறிக் கம்பளையும் பேராதனையும் வெள்ளம் கண்டன. வெள்ளத்தில் நின்ற வேனின் சீட்டையும் கம்பளத்தையும் வெயிலில் காய வைத்தார்கள். பெட்டிகளுக்குள் படிந்த வண்டலைக் கழுவி எடுக்க எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

உப்பும் முழுமையாக இல்லை என்று சொல்ல முடியாது. இந்த வேன்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே வந்தவை. ஆணி பதித்த டயர்கள் வீதியைச் சுரண்டித் தூசு கிளப்புவதைத் தடுக்க ஜப்பான் 1990இல் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பின் பனி உறைந்த வீதிகளில் உப்பு தூவுவது கூடியது. ஹொக்கைடோவின் குளிர்காலத்தில் ஓடிய வேனும் கியூஷூவில் ஓடிய வேனும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கலாம்; அடியில் ஒன்றாக இரா.

இனி ஒட்டுப்போடும் முறைக்கு வருவோம். பின்புற ஸ்பிரிங்கின் முன்முனை பூட்டப்பட்டிருக்கும் பெட்டிப் பட்டையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துரு என்று வையுங்கள். அவசர வேலை எப்படி நடக்கிறது? கம்பித் தூரிகையால் மேலே தேய்த்து, துருவைவிடச் சற்றுப் பெரிய தகடு ஒன்றை வெட்டி, அதன்மேல் வைத்து, ஓரத்தில் அங்கொன்று இங்கொன்றாக வெல்டு வைத்து, இடைவெளியில் பட்டி அப்பி, கறுப்புப் பூச்சு அடித்துவிடுகிறார்கள். பழைய தகட்டுக்கும் புதிய தகட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி நிற்கிறது. ஈரம் அந்த இடுக்குக்குள் புகுந்தால் வெளியேறாது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. ஆகவே அது இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரிக்கத் தொடங்கும். வெல்டு வைத்த சூட்டில் பக்கத்துத் தகட்டின் பூச்சு கருகிப் போயிருக்கும். நாகப்பூச்சு இருந்திருந்தால் அதுவும் ஆவியாகியிருக்கும். நாகம் 907 பாகையில் கொதித்துவிடும், இரும்பு உருகுவதற்கு 1,500 பாகையளவு வேண்டும். பெட்டியின் உட்பக்கத்தில் இப்படி வெறுமையான இரும்பை யாரும் மறுபடி பூசுவதில்லை, தூரிகை அங்கே போகாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வெல்டு பிடித்திருப்பது எதில் என்பது. அரைவாசி அரித்த தகட்டின் ஓரத்தில் பிடித்த வெல்டுக்கு அந்த ஓரத்தின் பலம்தான் உண்டு.

முறையான வேலை சுத்தியலோடு தொடங்குகிறது. தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று அடங்கும். ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்தினால் உள்ளே இறங்கும் இடமெல்லாம் போக வேண்டிய இடம். வெட்டத் தொடங்குமுன் வேனின் பாரத்தைச் சரியான இடங்களில் முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். இல்லையென்றால் வெட்டிய இடம் விலகி, புதிய பட்டை கோணலாகவே உட்காரும். பற்றரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எரிபொருள் தாங்கியையும் குழாய்களையும் அகற்ற வேண்டும். மேலே கம்பளத்தைச் சுருட்ட வேண்டும். பழைய தார்ப்பூச்சு தீப்பிடிக்கும், ஒருவர் தண்ணீரோடு பக்கத்தில் நிற்பது அவசியம். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டிய பின், அதே தடிப்பில் தகடு எடுத்து, பழைய மடிப்பைப் போலவே மடித்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒட்ட வேண்டும். சாதாரண ஆர்க் வெல்டிங் குச்சி இந்தத் தடிப்பைத் துளைத்துவிடும். காஸ் வெல்டிங் சூட்டை அகலமாகப் பரப்பித் தகட்டை நெளிக்கும். 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் கம்பியும் ஆகன் கலந்த வாயுவும் கொண்ட மிக் வெல்டிங்தான் இதற்குப் பொருத்தம். அதிலும் ஒரே இழுப்பில் போகாமல், ஒரு பக்கம் சிறிது, எதிர்ப்பக்கம் சிறிது என்று ஆறவிட்டு ஆறவிட்டுக் கோடு முழுவதையும் மூட வேண்டும். கடைசியில் வடிதுளை வழியாகப் பெட்டிக்குள் மெழுகுப் பூச்சைத் தெளிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டால் முந்திய உழைப்பின் ஆயுள் பாதியாகிவிடும்.

இந்தக் கைத்திறன் கண்டி கராஜ்களில் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1950இல் தயாரிப்புக்கு வந்த வோக்ஸ்வாகன் வேனை வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பாவில் ஓரப்பெட்டி, குறுக்குப் பட்டை, ஜாக்கி வைக்கும் இடம் எல்லாம் அச்சில் அடித்த புதிய பாகங்களாகக் கிடைக்கின்றன. டொல்பினுக்கு இங்கே அந்த வசதி இல்லை. தட்டைத் தகட்டிலிருந்து சுத்தியலாலும் மடிப்புக் கட்டையாலும் அந்த வடிவத்தை எடுக்கும் டிங்கர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; அது பெரும் வித்தை. ஆனால் வாடிக்கையாளர் அவர்களிடம் கேட்பது, மாலைக்குள் முடியுமா, எவ்வளவு குறையும் என்ற இரண்டு கேள்விகள்தான். ஒட்டுத் தகடு மலிவு என்ற கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. அதே இடத்தை மறுபடி திறக்கும்போது முதல் ஒட்டையும் வெட்ட வேண்டும், அதைச் சுற்றிப் பரவிய துருவையும் வெட்ட வேண்டும். உள்ளங்கை அகலம் முழ நீளமாகியிருக்கும். பணம் போதாதவர் முழு அடித்தளத்தையும் ஒரே தடவையில் செய்ய வேண்டியதில்லை. ஸ்பிரிங், முறுக்குத் தண்டு, ஸ்டியரிங், சீட் பெல்ட் பூட்டுமிடங்களை முதலில் முறையாகச் செய்து, மற்றவற்றைத் துருவோடு வெளிப்படையாக விட்டுவைப்பது, எல்லாவற்றையும் மூடி மறைப்பதைவிட மேல்.

கழுவிய பின் அடியில் கழிவு எண்ணெய் தெளித்தால் போதாதா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் படலம் வெளிப்புறத் துருவை ஓரளவு தாமதப்படுத்தும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது பெட்டிக்குள் போவதில்லை. ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கிறது. அடுத்த மழையில் கழுவுண்டு மகாவலியில் கலக்கிறது. தார்ப்பூச்சு நல்ல இரும்பின் மேல் நல்லது. துருவின் மேல் அடித்தால் காய்ந்து வெடித்து, வெடிப்பில் புகுந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அரசின் பங்கு இங்கேதான் வருகிறது. ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் பெற வேன் உரிமையாளர் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காட்டுகிறார். 2008 முதல் நடக்கும் அந்தப் பரிசோதனை புகைக்குழாயில் வெளிவருவதை அளக்கிறது. அந்தக் குழாய் தொங்கும் தகட்டைப் பார்ப்பது அதன் வேலை அல்ல. பிரித்தானியாவில் 1960இல் கட்டாயமான ஆண்டுப் பரிசோதனையில், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் பூட்டுமிடங்களிலிருந்து 30 சென்றிமீற்றருக்குள் கடுமையான அரிப்பு இருந்தால் வண்டி தேறாது. அந்த எல்லைக்குள் போட்ட ஒட்டுத் தகடு சுற்றிலும் இடைவிடாமல் வெல்டு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஜப்பானிலும் வண்டிகள் காலமுறைப் பரிசோதனையில் அடித்தளத்தைக் காட்டியாக வேண்டும். நம்மிடம் வந்த வேன்கள் ஒருகாலத்தில் அதைத் தாண்டி வந்தவையே. இப்படியொரு விதி இங்கே வந்தால் ஏழைகளின் வண்டிகள்தான் முதலில் நிற்கும், அதிகாரிகளுக்குக் கைநீட்ட இன்னொரு வாசல் திறக்கும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் முதல் ஆண்டில் சான்றிதழை மறுக்காமல், குறையைப் படத்தோடு எழுதிக்கொடுத்து, பழுதுபார்க்கக் காலம் தரலாம். பூட்டுமிடங்களை மட்டும் பார்த்தால் போதும். ஓரப்பெட்டித் துளைக்காக யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, பேராதனையில் பொறியியற் பீடம் இருக்கிறது. மெல்லிய தகட்டு வெல்டிங்கில் டிங்கர்களின் திறமையைச் சோதித்து தேசியத் தொழில் தகைமை வழங்கவும், வேலை முடிந்த அடித்தளத்தில் செய்தவரின் பெயரும் திகதியும் பதிக்கச் சொல்லவும் இவை போதும். பாடசாலைச் சேவை வேன்களில் இதைத் தொடங்கலாம். அவற்றில் பல காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பாடசாலை விடும் வரை சும்மா நிற்பவைதான். பரிசோதனைக்கு ஒரு நாள் வருமானத்தைக்கூட இழக்க வேண்டியதில்லை.