கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

நமது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் தினமும் மாலையில் சிறிய ஜெபக்கூட்டம் நடைபெறுகிறது. வார்டு வார்டாக நோயாளிகளை நினைத்து விண்ணப்பம் செய்கிறோம். ஒவ்வொரு விண்ணப்பத்தின் முடிவிலும் கூடியிருப்போர், "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்" என்பார்கள்.

ஒருநாள் இரவு, பாம்புக்கடியினால் செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஒரு சிறுவனுடைய தாயார் எங்களை வழிமறித்தார். "அந்த ஜெபத்தை என் பிள்ளைக்குச் சொல்லாதீங்க ஐயா. இரக்கம் கேட்டுக் கெஞ்ச அவன் என்ன பாவம் பண்ணினான்? நான் என்ன பண்ணினேன்?" என்றார். விளக்கம் சொல்ல அது வேளையல்ல என்று உணர்ந்து, அவர் அருகில் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

பல சபைகளின் ஆராதனை முறைமையில் இந்த ஜெபம் பாவ அறிக்கையை ஒட்டி வருகிறது. ஆகவே இதை மன்னிப்புக் கேட்கும் ஜெபமாக மட்டும் எண்ணிவிடுகிறோம். சுவிசேஷங்களிலோ இந்தச் சொல் பெரும்பாலும் நோயுற்றோரின் வாயிலும், நோயாளியைப் பெற்றவர்களின் வாயிலுமே கேட்கப்படுகிறது. எரிகோவின் வழியருகே இருந்த பர்திமேயு பார்வைக்காக இப்படிக் கூப்பிட்டான் (மாற்கு 10). பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று இப்படிச் சத்தமிட்டார்கள் (லூக்கா 17). லூக்கா 18-ல் ஆயக்காரன் தன் பாவத்தினிமித்தம் மன்றாடும்போது, கிரேக்க மூலத்தில் பாவநிவிர்த்தியைச் சார்ந்த வேறொரு வினைச்சொல் இருக்கிறது. நோயாளிகள் உபயோகித்த சொல் "எலேயிசோன்" என்பதாகும். "கீரியே எலேயிசோன்" என்று திருச்சபை பாடுவது அவர்களிடம் கற்றுக்கொண்ட சொல்லைத்தான்.

அதன் பொருள் என்ன? பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள், "ஹெசெத்" என்ற எபிரெயச் சொல்லுக்கு இந்தச் சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த "எலேயோஸ்" என்பதையே பெரும்பாலும் வைத்தார்கள். உடன்படிக்கை செய்தவர் கைவிடாமல் காட்டும் அன்பே ஹெசெத். சங்கீதங்களில் நாம் "கிருபை" என்று வாசிப்பது பெரும்பாலும் இதுவே. ஆகவே இது, கோபங்கொண்ட நியாயாதிபதிக்கு முன் நடுங்குகிறவனின் கெஞ்சல் அல்ல. "நீர் எங்களுடையவர், எங்களை விட்டுவிடாதேயும்" என்று பிள்ளை உரிமையோடு கேட்பதாகும். தமிழில் "இரங்கு" என்பதற்கும் "இறங்கு" என்பதற்கும் ஓரெழுத்தே வித்தியாசம். நமக்கு இரங்கிய தேவன் நம்மிடத்தில் இறங்கியும் வந்தார் அல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கானானிய ஸ்திரீயின் மகள்தான் வேதனைப்பட்டாள். தாயோ தனக்கு இரங்கும்படி கேட்டாள் (மத்தேயு 15). பிள்ளையின் வேதனையைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். பரிந்து பேசும் ஜெபம் என்பது இதுவே. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்ற பெண்மணி, அங்கே கண்ட மாலை ஆராதனையை எழுதி வைத்திருக்கிறார். உதவிக்காரர் ஒருவர் ஒவ்வொருவருடைய பெயராகச் சொல்ல, நின்றுகொண்டிருந்த திரளான சிறுவர்கள் "கீரியே எலேயிசோன்" என்று பதில் சொல்வார்களாம். கி.பி. 529-ல் இன்றைய பிரான்ஸ் தேசத்திலுள்ள வேசோனில் கூடிய சங்கம், காலை, மாலை ஆராதனைகளிலும் திருவிருந்திலும் இதைச் சொல்லும்படி விதித்தது. மேற்குத் திருச்சபை லத்தீனில் ஆராதித்த காலத்திலும் இந்தச் சொற்களைக் கிரேக்கத்திலேயே வைத்துக்கொண்டது.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். படுக்கைக்குப் போகுமுன் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், "அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்", "இரவுப் பணியிலுள்ள செவிலியர்" என்று சொன்னால் போதும். சற்று அமைதியாயிருங்கள். பின்பு, "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்" என்று சொல்லுங்கள். தேவன் இன்னது செய்யவேண்டும் என்று விவரிக்கத் தேவையில்லை. "அவருக்கு" என்று சொல்லாமல் "எங்களுக்கு" என்றே சொல்லுங்கள். அப்போது நோயாளியின் கட்டிலருகே நீங்களும் நிற்கிறீர்கள்.

அந்தத் தாயாரிடம் பிற்பாடு ஒரு பகல் வேளையில் இவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை சிற்றாலய வாசற்படியில் வந்து நின்றார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்காக ஜெபித்தபோது, மற்றவர்களோடு அவருடைய குரலும் கேட்டது. கர்த்தருடைய கிருபையால் அவருடைய மகன் பிழைத்து வீடு திரும்பினான். அதே வாரத்தில் அடுத்த கட்டிலில் இருந்த பெரியவர் பிழைக்கவில்லை. இருவருக்காகவும் நாங்கள் ஏறெடுத்தது ஒரே ஜெபம். இருவரையும் தேவன் கைவிடவில்லை என்று விசுவாசிக்கிறோம்.

உங்கள் காணிக்கைகள் இங்கே மருந்தாகவும் உணவாகவும் வந்து சேருகின்றன. அவற்றோடு இந்தச் சிறிய ஜெபத்தையும் அனுப்புங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்