உள்ளங்கைக் கணினியின் நோய்கள்

எங்கள் அன்னையார் தம் முதுமையில் சொன்ன கதைகளும் பாடிய தாலாட்டுகளுமாக 41 ஒலிப்பதிவுகள் எங்கள் நாகபுரி இல்லத்தில் இருந்தன. அவை இருந்த இடமோ விரல் நகத்தின் அளவேயுள்ள ஒரு மெமரி கார்டு. அந்தக் கார்டு ஒரு சிறு கணினியில் செருகப்பட்டிருந்தது. அக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, மாலை வேளைகளில் தமிழ் வானொலி கேட்பதும், பிள்ளைகளுக்குப் பாட்டியின் குரலைக் கேட்பிப்பதும் எங்கள் வழக்கம். பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் சரளமாகப் பேசுவார்கள். தமிழ் அவர்கள் செவியில் விழுவது பெரும்பாலும் அந்தக் குரலின் வழியேதான். ஒரு மே மாதப் பிற்பகலில் மின்சாரம் மூன்று முறை போய் மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை வந்தபோது கணினி விழிக்கவில்லை.

அன்று தொடங்கி நாங்கள் கற்றுக்கொண்டவற்றை நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகின்றோம். வேற்றூரில் வாழும் நமக்குப் பழுது பார்ப்பவர் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நாம் சொல்வது அவருக்கு விளங்குவதில்லை. ஆகையால் நாமே சிறிது அறிந்து வைத்திருத்தல் நலம்.

ஒற்றைப் பலகைக் கணினி என்பது யாது? கணினிக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் ஒரே பலகையில் அமைந்தது அது. இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது ராஸ்பெர்ரி பை. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 2008-இல், பீகிள்போர்டு என்ற பலகை அமெரிக்காவில் வெளிவந்திருந்தது. எனினும் உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் கையில் இத்தகைய பலகையைச் சேர்த்த பெருமை ராஸ்பெர்ரி பையையே சாரும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து அறிஞர் சிலர், எபன் அப்டன் என்பவரை முதன்மையாகக் கொண்டு, அதனை உருவாக்கினர். கணினி பயில வரும் மாணவர் கணினியைத் தம் கையால் தொட்டுப் பழகாமலே வருகின்றனரே என்ற கவலையே அம்முயற்சிக்கு வித்து. முதற்பலகையின் விலை 35 டாலர். அளவு ஒரு வங்கி அட்டையின் அளவு. அதனை இயக்குவது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கி வைத்து, பல்லாயிரவர் கூடி வளர்த்த அந்த மென்பொருளை யாரும் விலையின்றிப் பெறலாம். உள்ளே திறந்தும் பார்க்கலாம்.

விலை குறைந்த பொருளில் ஏதோ ஒன்று விடப்பட்டிருக்க வேண்டும் அன்றோ? மேசைக் கணினியில் நம் கண்ணுக்குப் படாமல் இருக்கும் சில ஏற்பாடுகள் இங்கு இல்லை. மின்சாரத்தைச் சீர்செய்து தரும் பெட்டி இல்லை. கடிகாரத்திற்கு மின்கலம் இல்லை. உறுதியான தட்டும் இல்லை, மெமரி கார்டே தட்டு. 2023-இல் வந்த ஐந்தாம் பலகைக்கு முன்னர் அணைப்பதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை. இக்கணினிக்கு வரும் நோய்களில் பெரும்பாலன இவ்வின்மைகளிலிருந்தே பிறக்கின்றன என்பது எங்கள் அனுபவம். பலகையே கெட்டுப்போவது அரிது. ஆனால் பழியோ முதலில் பலகையின் மீதே விழுகின்றது.

மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இப்பலகைக்கு 5 வோல்ட் வேண்டும். 2014-க்குப் பின் வந்த பெரும்பாலான பலகைகளில், அழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும் அமைப்பு உண்டு. திரையின் மூலையில் ஒரு சிறு மின்னல் குறி தோன்றும். வீட்டில் கிடக்கும் கைப்பேசி சார்ஜரையும் அதன் மெல்லிய கேபிளையும் கொண்டு பலகையை இயக்குபவர்கள் இக்குறியை அடிக்கடி காண்பார்கள். "சார்ஜரில் 5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கின்றதே, குறைந்தது எங்ஙனம்?" என்று வினவலாம். விடை கேபிளில் இருக்கின்றது. கடையில் கிடைக்கும் மெல்லிய கேபிள்களில் 28-ஆம் எண் கம்பி இருப்பதுண்டு. அக்கம்பியின் தடை மீட்டருக்கு 0.21 ஓம். மின்சாரம் போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி. ஆகவே ஒரு மீட்டர்க் கேபிளில் மொத்தம் 0.42 ஓம். பலகை 1 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 0.42 வோல்ட் போய்விடும். பலகைக்கு எஞ்சுவது 4.58 வோல்ட். மின்னல் குறி தோன்றுவதில் வியப்பென்ன? அதே நீளத்திற்கு 20-ஆம் எண் கம்பியாக இருந்தால் இழப்பு 0.07 வோல்ட் அளவே.

கைப்பேசிக்கு இவ்விழப்பால் தீங்கில்லை. சற்று மெதுவாக மின்னேறும், அவ்வளவே. கணினியோ அழுத்தம் குறைந்த அக்கணத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், யு.எஸ்.பி. வழியாக இணைத்தவற்றைத் தவறவிடும். சில வேளை தானே மீண்டும் தொடங்கும். மென்பொருளை மாற்றி மாற்றி நிறுவிச் சலித்துப் போனவர்கள், ஒரு தடித்த கேபிளை மாற்றியதும் நோய் நீங்கக் கண்டதுண்டு. மும்பையின் லாமிங்டன் சாலையிலோ, தில்லியின் லஜ்பத்ராய் சந்தையிலோ, பெங்களூரின் எஸ்.பி. சாலையிலோ பலகை வாங்கச் செல்லும் அன்பர்கள், அதற்குரிய மின்வழங்கியையும் கேட்டு வாங்குதல் வேண்டும். மூன்றாம் பலகைக்கு 2.5 ஆம்பியர், நான்காவதற்கு 3, ஐந்தாவதற்கு 5 என்பது செய்தவர்கள் கூறும் அளவு.

பலகையின் குற்றமே ஆன சில நிகழ்ச்சிகளும் உண்டு. 2019 ஜூனில் வந்த நான்காம் பலகையை, விலையுயர்ந்த சில கேபிள்கள் இயக்க மறுத்தன. மலிவான கேபிள்களோ இயக்கின! கேபிளின் முனையில் உள்ள இரண்டு அடையாள இணைப்புகளுக்குத் தனித்தனி மின்தடை வைக்க வேண்டிய இடத்தில், வடிவமைத்தவர்கள் ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டனர். கேபிளினுள்ளே சிறு சில்லு வைத்திருந்த நல்ல கேபிள்களின் வழியே பார்த்த சார்ஜர், இப்பலகையை ஒலிக்கருவி என்று பிறழ உணர்ந்து மின்சாரம் தர மறுத்தது. பின்னர் வந்த பலகைகளில் இப்பிழை திருத்தப்பட்டது. அதனினும் விந்தையானது 2015-ஆம் ஆண்டின் கதை. இரண்டாம் பலகை வெளிவந்த புதிதில், அதனைப் புகைப்படம் எடுத்தால் அது நின்று மீண்டும் தொடங்கியது. கைப்பேசியின் சாதாரண விளக்கால் ஒன்றும் நேரவில்லை. புகைப்படக்காரர் வைத்திருக்கும் செனான் மின்வெட்டு விளக்குக்கே அது மயங்கிற்று. ஆர்வலர்கள் பலகையின் உறுப்புகளை ஒட்டுப்பசையால் மூடிப் பார்த்து, மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறு சில்லே காரணம் எனக் கண்டனர். கருப்பு உறையின்றி வெற்றுச் சிலிக்கனாக அது வைக்கப்பட்டிருந்தது. ஒளி பட்டால் சிலிக்கனில் மின்னோட்டம் எழும். கூரை மீது வைக்கும் சூரியப் பலகை வேலை செய்வதும் அவ்வியல்பாலேயே. மருந்து யாதெனில், அதே ஒட்டுப்பசையில் ஓர் உருண்டை!

வெப்பத்தைப் பற்றி நாகபுரியில் வாழ்வோருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சில்லின் சூடு 80 டிகிரியை நெருங்கினால் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடிய பெட்டியில், தொலைக்காட்சியின் பின்புறத்தில், 45 டிகிரி வெயிலில் அதனை வைத்துவிட்டு நடை தளர்ந்ததென்று குறை கூறுதல் தகாது. சிறிய அலுமினியத் தகடும் காற்றோட்டமுமே போதும்.

கடிகாரத்தின் தொல்லை சற்று மறைவானது. கொல்கத்தாவில் வாழும் நண்பர் ஒருவர், மின்சாரம் போய் வந்த நாள்களில் மட்டும் தம் கணினி எந்த இணைய முகவரியையும் திறக்க மறுப்பதாகச் சொன்னார். பலகையில் மின்கலம் இல்லாமையால், மின்சாரம் நின்றதும் காலமும் நின்றுவிடுகின்றது. மீண்டும் தொடங்கும்போது, கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்குகின்றது. இணையம் வழியே சரியான நேரத்தைக் கேட்டறியும் வரை அது நேற்றைய நாளிலேயே வாழும். இணையத் தளங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. அண்மையில் புதுப்பித்த சான்றிதழைக் கண்டதும் இக்கணினி, "இது இன்னும் தொடங்கவே இல்லையே" என்று ஐயுற்றுக் கதவை மூடிவிடும். டி.எஸ். 3231 என்னும் சிறு கடிகாரச் சில்லையும் ஒரு பொத்தான் மின்கலத்தையும் இணைத்தால் இத்தொல்லை தீரும். அறை வெப்பத்தில் அஃது ஆண்டுக்கு ஒரு நிமிட அளவே பிசகும். ஐந்தாம் பலகையில் கடிகாரம் உள்ளேயே உண்டு; மின்கலம் மட்டும் நாம் வாங்கிப் பொருத்த வேண்டும்.

இனி எங்கள் கணினிக்கு வருவோம். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆகவே மின்சாரம் போதிய அளவு வருகின்றது என்று தெரிந்தது. பச்சை விளக்கு நான்கு முறை மின்னி, சிறிது நின்று, மீண்டும் நான்கு முறை மின்னியது. இவ்விளக்கு வீணாக மின்னுவதில்லை. அதுவே கணினியின் பேச்சு. நான்கு முறையென்றால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை என்பது பொருள். ஏழு முறையென்றால் லினக்ஸின் கருவான கர்னல் கிடைக்கவில்லை என்பது பொருள். ஆக, பலகை உயிரோடு இருக்கின்றது, நோய் கார்டில்.

மெமரி கார்டு வெறும் ஏடு அன்று. அதனுள்ளேயும் ஒரு சிறு கணினி உண்டு. நாம் ஒரு வரி எழுதச் சொன்னால், அது ஒரு பெரிய பகுதியையே வேறிடத்திற்குப் பெயர்த்து எழுதும். பெயர்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், நாம் அன்று தொடாத பழைய கோப்பும் சிதையக்கூடும். லினக்ஸ் தன் எழுத்து வேலையை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டு பாதுகாக்கின்றது என்பது மெய்யே. ஆனால் கார்டே தன் கணக்கை மறந்தால் அக்குறிப்பேடு என்ன செய்யும்?

நாங்கள் உடனே பழுது நீக்கும் கட்டளையை ஏவ முனைந்தோம். புனேயில் இருக்கும் நண்பர் தொலைபேசியிலேயே தடுத்தார். "முதலில் படி எடுங்கள், பிறகு மருந்து பாருங்கள்" என்றார். அவர் தடுத்திராவிடில் எங்கள் அன்னையின் குரலில் பாதியை நாங்களே அழித்திருப்போம். பழுது நீக்கும் நிரல் கோப்புகளின் ஒழுங்கை மீட்கவே முயலும். ஒழுங்குக்குப் பொருந்தாத துண்டுகளைக் கழித்துக்கட்ட அது தயங்காது. அன்றியும், சாகும் தறுவாயில் உள்ள கார்டில் எழுதுவதே அதன் முடிவை விரைவுபடுத்தும். ஆகவே கார்டை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, டிடி-ரெஸ்கியூ என்னும் நிரலைக் கொண்டு முழுக் கார்டையும் ஒரே கோப்பாகப் படியெடுத்தோம். நன்றாகப் படிக்க முடியும் பகுதிகளை அது முதலில் எடுத்துக்கொள்ளும். இடரும் இடங்களைக் குறித்துவைத்துப் பின்னர்த் திரும்பத் திரும்ப முயலும். இரவு முழுதும் அது ஓடியது. காலையில் அப்படிக்கு இன்னொரு படி எடுத்து, அதன் மீதே பழுது நீக்கும் நிரலை ஓட்டினோம். 36 பதிவுகள் பெயரோடு கிடைத்தன. பெயரிழந்து கிடந்த இரண்டை, ஒலிக்கோப்பின் தலையில் இருக்கும் அடையாளத்தைக் கொண்டு தேடியெடுத்தோம். மூன்று போயின.

மெமரி கார்டு வாங்கும்போது ஏமாறுவதும் எளிது. உறையில் 64 ஜி.பி. என்றிருக்கும், உள்ளே எட்டே இருக்கும். எட்டு நிரம்பும் வரை பொய் வெளிப்படாது. எஃப்-3 என்னும் இலவச நிரல் கார்டு முழுதும் எழுதி, எழுதியதைப் படித்து ஒப்பிட்டுச் சொல்லிவிடும். புதுக் கார்டு வாங்கிய அன்றே இச்சோதனையைச் செய்யலாம்.

திரையும் வலைத்தொடர்பும் இரண்டும் இல்லாத வேளையில் கணினியோடு பேச இன்னொரு வழி உண்டு. பலகையின் ஓரத்தில் உள்ள ஊசிகளில் 8-ஆவது பேசும், 10-ஆவது கேட்கும், 6-ஆவது பொதுத் தரை. அமைப்புக் கோப்பில் இவ்வழியைத் திறந்துவிட்டு, வேறொரு கணினியின் யு.எஸ்.பி. மாற்றியை இவற்றோடு இணைத்தால், தொடங்கும்போது லினக்ஸ் சொல்லும் ஒவ்வொரு வரியையும் படிக்கலாம். வேகம் நொடிக்கு 1,15,200 பிட். நம்முடைய வாய் அதன் செவிக்கும், அதன் வாய் நம் செவிக்கும் செல்ல வேண்டும். நாங்கள் முதன்முறை வாயை வாயோடு இணைத்துவிட்டு, ஒரு மாலை முழுதும் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்! மாற்றி 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் வகையை இணைத்தால் பலகை இறந்துபடும். இதில் மட்டும் திருத்தம் கிடையாது.

இப்போது எங்கள் கணினியில் இயக்கமுறைமை உள்ள கார்டு எழுதப்படாத நிலையில் பூட்டப்பட்டிருக்கின்றது. அமைப்புப் பட்டியலிலேயே அதற்கு ஒரு தெரிவு உண்டு. மின்சாரம் போனாலும் அதற்குச் சேதமில்லை. பதிவுகள் தனித் தட்டில் உள்ளன. இன்னொரு படி மதுரையில் தம்பியின் வீட்டில் இருக்கின்றது. கார்டை மாற்றியபின் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. தமிழ் எழுத்துருத் தொகுப்பை நிறுவியதும் சரியாயிற்று. கோப்புகளுக்குப் பிள்ளைகளே தமிழ் 99 விசைப்பலகையில் பெயர் தட்டினார்கள். பெயரிழந்து கிடைத்த இரண்டில் ஒன்று தாலாட்டு. நடுவில் நாற்பது நொடி வெறும் இரைச்சல். அவ்விடத்தை மூத்தவள் தானே பாடி நிரப்புகின்றாள்.