அடையாறு சேற்றில் முட்டைக் கணக்கு! வந்த பறவை எத்தனை? பிழைத்த குஞ்சு எத்தனை?

சென்னை:-

அடையாறு திரு.வி.க. பாலத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். பஸ் ஜன்னலோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

கீழே சேற்றில் நிற்கும் பறவைகளை நின்று பார்ப்பவர்கள் சிலர்தான். அந்தச் சிலரிலும் சிலர் கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, பென்சில் சகிதமாக நின்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.

"ஏன் சார், கொக்கு குருவியை எண்றதும் ஒரு வேலையா?" என்று கேட்கத் தோன்றும்.

வேலைதான். அதுவும் லேசான வேலை இல்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

குப்பைமேடு பூங்கா ஆனது

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்து ஒரு உப்பங்கழி, குயிபிள் தீவைச் சுற்றிக்கொண்டு பட்டினப்பாக்கம் பக்கம் வளைகிறது. கடல் ஏறினால் கழியும் ஏறும். கடல் இறங்கினால் கழியும் இறங்கும்.

நகரம் வளர்ந்தது. கட்டட இடிபாடு, குப்பை, சாக்கடை எல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. கழி தூர்ந்துபோனது.

பிறகுதான் அரசுக்கு அதன் மேல் கண் விழுந்தது. 58 ஏக்கரைத் தோண்டிச் சுத்தம் செய்து, கடல்நீர் வந்துபோக வழிசெய்து, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. அடுத்த கட்டமாக முகத்துவாரம் வரை சுமார் 300 ஏக்கரில் வேலை நடந்தது. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை இதைச் செய்தது. அலையாத்திச் செடிகளும் நடப்பட்டன.

சரி, பணம் செலவாகிவிட்டது. செத்த சதுப்பு பிழைத்துக்கொண்டதா? இதைப் பறவையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலை எண்ணும் வித்தை

கண்ட நேரத்தில் போய் எண்ணினால் கணக்கு தப்பு. கடல் இறங்கி, சேறு வெளியே தெரியும்போதுதான் பறவைகள் இரைக்கு இறங்கும். ஏற்றம் வந்துவிட்டால் கரைக்கும் மரத்துக்கும் ஒதுங்கிவிடும். ஆகவே எண்ணுகிறவர்கள் முதலில் பார்ப்பது கடல் ஏற்ற இறக்க அட்டவணையை.

ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே இறக்க நேரம். கூட்டம் பெரிதாக இருந்தால் பத்து தலையைக் கண்ணால் கட்டிக்கொண்டு, அதுபோல் எத்தனை கட்டு என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பருந்து வந்து எல்லாம் எழும்பிவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து!

இந்தியாவில் ஜனவரி மாத நீர்ப்பறவைக் கணக்கு 1987 முதல் நடந்து வருகிறது. நல்ல காரியம். ஆனால் ஜனவரி கணக்கில் ஒரு சிக்கல் உண்டு.

அப்போது இங்கே நிற்கும் உள்ளான், உப்புக்கொத்திகளில் பெரும்பாலானவை வடக்கே இருந்து வந்த விருந்தாளிகள். லாட்ஜில் ரூம் போட்டவர்கள் மாதிரி. அக்டோபரில் வரும், மார்ச், ஏப்ரலில் போய்விடும். குடித்தனம் நடத்துவதெல்லாம் அங்கேதான்.

இன்னொரு வேடிக்கை. நீண்ட சிவப்புக் கால்களோடு நிற்குமே, பவளக்காலி. நெடுங்கால் உள்ளான் என்றும் சொல்வார்கள். சாக்கடை கலந்த தண்ணீரிலும் இது கூட்டமாக வரும். அங்கே புழுவுக்குப் பஞ்சமில்லை அல்லவா? தலைக்கணக்கை மட்டும் பார்த்தால் "அடேயப்பா, எவ்வளவு பறவை!" என்று ஏமாந்துபோவோம்.

உண்மையான பரீட்சை கோடையில்தான். ஏப்ரலில் இருந்து ஆகஸ்ட் வரை பவளக்காலியும் ஆள்காட்டியும் தரையில் முட்டையிடும் காலம். முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டும். இரைக்குப் போகும்போது முட்டையைப் பாசியால் மூடிவிட்டுப் போகும் கெட்டிக்காரப் பறவை அது.

நூற்றுக்கு 97 வாங்கினாலும் பெயில்!

பவளக்காலி சாதாரணமாக 4 முட்டை இடும். சேற்று மேட்டில் சின்னப் பள்ளம், அதில் நாலு குச்சி, அவ்வளவுதான் கூடு. குஞ்சு பொரிக்கச் சுமார் 25 நாள். பொரித்த குஞ்சு அன்றைக்கே ஓடும். ஆனால் பறக்க இன்னும் நாலு வாரம் ஆகும்.

ஒரு கூடு ஒரு நாள் தப்பிப்பதற்கு நூற்றுக்கு 97 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரமாதமாகத் தெரிகிறதல்லவா? 25 நாளைக்கு இதைப் பெருக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது 47-க்கும் கீழே. பாதிக் கூடு காலி! 95 என்றால், 100 கூட்டில் 28 கூடத் தேறாது. அதற்கப்புறம் குஞ்சுக்கு வரும் ஆபத்து தனி.

எனவே கூடுகளைத் தூரத்தில் இருந்தே குறித்துவைத்து, சில நாளுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். கடைசியில் போய்ப் பார்த்தால் தப்பித்த கூடுதான் கண்ணில் படும். அழிந்தது படாது. இதைச் சரிக்கட்டிக் கணக்குப் போடும் முறையை 1961-ல் வெளியிட்டவர் மேஃபீல்டு என்ற அமெரிக்கர். இன்றைக்கும் அதை ஒட்டித்தான் கணக்கு.

முட்டைக்கு யார் எமன்?

நம்ம ஊரில் முதல் எமன் காக்கா. இரண்டாவது தெருநாய். குப்பை எங்கே உண்டோ அங்கே இரண்டும் உண்டு.

மூன்றாவது எமன் முகத்துவாரம். கோடையில் அலை தள்ளும் மணல் ஆற்றின் வாயை அடைத்துவிடும். உள்ளே ஏற்ற இறக்கம் நின்றுபோகும். தண்ணீர் ஒரு சாண் ஏறினாலும் தரைக்கூடு அவுட். பிறகு பொக்லைன் வைத்துத் திறந்தால் தண்ணீர் மளமளவென்று வடியும். மேட்டில் இருக்கும் கூட்டுக்கு நாய் நடந்தே போய்விடும்.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோது முகத்துவாரம் அகலமாகப் பிளந்துகொண்டது. ஒரு வருஷத்துக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஜே போடவும் முடியாது, ஒப்பாரி வைக்கவும் முடியாது. தொடர்ந்து பல வருஷம் எண்ண வேண்டும்.

அமெரிக்காவில் நடந்த கூத்து

இதே தலைவலி சான்பிரான்சிஸ்கோவிலும் உண்டு. அங்கே வளைகுடாவின் தென்பகுதியில் 15 ஆயிரத்து 100 ஏக்கர் உப்பளத்தை 2003-ல் வாங்கி, அதில் பெரும்பகுதியைத் திரும்பக் கடல்நீர்ச் சதுப்பாக்கும் திட்டம்.

அந்த உப்பளப் பகுதியில் 1980-ல் கடற்காகங்கள் முப்பதுக்கும் குறைவாகத்தான் குடியேறின. முப்பது வருஷத்தில் 40 ஆயிரத்தைத் தாண்டின! குப்பைமேட்டில் தின்று கொழுத்து, மற்ற பறவைகளின் முட்டை, குஞ்சையும் ஒரு கை பார்த்தன. பலியானவற்றில் நம் பவளக்காலியின் அமெரிக்கப் பங்காளியும் உண்டு.

2010 டிசம்பரில் ஒரு உப்பளத்தின் கரையை உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். அங்கே கூடு கட்டி வந்த கடற்காகங்கள் 20 ஆயிரத்துக்கும் மேல். அவ்வளவும் வீடிழந்தன. அவை எங்கே போய் யார் தலையில் உட்காரும் என்று ஆட்களைப் போட்டுக் கண்காணித்தார்கள், விரட்டினார்கள்.

வெள்ளை உப்புத் தரையில் முட்டையிடும் ஒரு சின்ன உப்புக்கொத்திக்காகக் கிளிஞ்சல் ஓட்டை ஏக்கர் கணக்கில் பரப்பினார்கள். முட்டை எது, ஓடு எது என்று கடற்காகம் குழம்பட்டுமே! எல்லா இடத்தையும் கடலுக்குத் திறந்துவிட்டால் இந்தப் பறவை எங்கே போகும் என்று சில பாத்திகளை உப்பளமாகவே விட்டும் வைத்தார்கள். கூட்டை எண்ணியதால் வந்த புத்தி இது.

அடையாறுக்கு இதில் பாடம் இருக்கிறது. சதுப்பைச் சீர்படுத்துவது என்றாலே நம்மவர்களுக்கு மரம் நடுவதுதான். அலையாத்தி வளர்ந்தால் வக்காவுக்கும் மடையானுக்கும் கொண்டாட்டம், சந்தேகமில்லை. ஆனால் வெட்டவெளிச் சேறு முழுக்க மரம் மூடிவிட்டால் பவளக்காலிக்கு முட்டையிட இடம் ஏது? உள்ளானுக்கு இரை ஏது? போட்டோவில் பச்சையாகத் தெரியாத சேறும் சதுப்புதான். எத்தனை கன்று நட்டோம் என்று போர்டு வைப்பவர்கள், எத்தனை குஞ்சு பறந்தது என்றும் பக்கத்தில் ஒரு வரி எழுதலாமே!

கோடையில் உடைந்த பாலம் பக்கம் நடக்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவும். தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றினால் அப்படியே நில்லுங்கள். நாய் கூட வந்தால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். அதன் முட்டையும் தரையில் கிடக்கும் கல்லும் ஒரே நிறம்.