மின்சாரம் எங்கே போயிற்று?

பழைய இராணுவ லாரி ஒன்று அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருகினால் என்ஜின் முனகுகிறது, விளக்கு மங்குகிறது. "டைனமோ போய்விட்டது" என்பார் ஒருவர்; "பேட்டரி செத்துவிட்டது" என்பார் இன்னொருவர். இரண்டுமே விலை உயர்ந்தவை. வாங்குமுன் சற்றுப் பொறுங்கள்!

இராணுவ லாரிகள் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. அவற்றுக்கு மின்னேற்றம் செய்ய டைனமோ ஏறக்குறைய 28 வோல்ட் தர வேண்டும். தருகிறது; ஆனால் அது பேட்டரிக்குப் போய்ச் சேருகிறதா?

கண்மாயில் நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் வயல் காயும் அல்லவா? மின்கம்பியும் அத்தகைய வாய்க்கால்தான். துருப்பிடித்த இணைப்பு ஒன்றின் மின்தடை 0.1 ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 20 ஆம்பியர் ஓடினால், ஓம் விதிப்படி 20 × 0.1 = 2 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். பேட்டரிக்குக் கிடைப்பது 26 வோல்ட்தான். அதோடு 40 வாட் வெப்பமும் அந்த இணைப்பில் உண்டாகும். உறை கருகித் தீப்பற்றவும் கூடும்.

இதைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? முதலில் ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, விளக்குகளை எரியவிடுங்கள். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் வெளியீட்டிலும், மறுமுனையை அதனோடு இணைந்த பேட்டரி முனையிலும் வையுங்கள். முள் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட் அளவு. அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால், ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்துக்கொண்டே வாருங்கள். வண்டியின் இரும்புச் சட்டமும் மின்னோட்டம் திரும்பும் பாதையே. ஆகவே டைனமோவின் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையிலும் இவ்வாறே அளக்க வேண்டும்.

குறையுள்ள இணைப்பைக் கண்டதும் என்ஜினை நிறுத்தி, பேட்டரியின் எர்த் கம்பியை முதலில் கழற்றுங்கள். இல்லையேல் ஸ்பானர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும். இணைப்பை உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கி, வாசலின் தடவுங்கள்.

இந்த வறண்ட பூமியின் கோடையில் பேட்டரி நீர் விரைவில் வற்றும். கிணற்று நீரை ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள உப்புகள் ஈயத் தகடுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

பழுது பார்ப்பதில் முதல் கருவி அளவுகோல். ஸ்பானர் அதற்கு அடுத்ததுதான்.